பின்னிருக்கையில் அமர்ந்தவர்களின் கண்ணாடி



சென்னையிலும் பெங்களூரிலும் குடியேறிய நம்முடைய குடும்பங்கள் விடுமுறைக்குக் குமரி மாவட்டத்துக்கு வரும்போது, ஒரு நாளையாவது திருவனந்தபுரத்துக்கென்று ஒதுக்கிவைப்பது வழக்கம். அந்த நாள் பெரும்பாலும் உல்லாசத்துக்கான நாள் அல்ல. தாயாருக்கு இருதயப் பரிசோதனை இருக்கும். அல்லது தகப்பனாருக்குப் புற்றுநோய் சிகிச்சையின் மறுபரிசோதனை இருக்கும். 1956 நவம்பர் 1-ஆம் தேதி குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. அதுவரையில் நமக்குத் தலைநகரமாயிருந்த ஊர் திருவனந்தபுரமே. எல்லை மாறிற்று, வைத்தியத்துக்காக வடக்கே போகும் பழக்கம் மாறவில்லை. 1951-இல் தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும், ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையமும், 1981-இல் தோன்றிய மண்டலப் புற்றுநோய் மையமும் ஒரே வளாகத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. அங்கே வரிசையில் நிற்கும்போது உங்கள் காதில் விழும் பேச்சில் தமிழும் தவறாமல் கேட்கும்.

நாகர்கோவிலிலிருந்து ஏறக்குறைய 65 கிலோமீட்டர் தூரம். தக்கலை, மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை என்று நமது எல்லை முடிகிறது. பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், நேமம் என்று அவர்களுடைய ஊர்கள் வருகின்றன. கரமனை ஆற்றைக் கடந்தால் நகரம். இந்த வழியில் செல்லும் கார்களில் முன்னிருக்கையில் திடகாத்திரமானவர் அமர்ந்திருப்பார். பின்னிருக்கையில் நோயாளியும் முதியவரும் பிள்ளைகளும் இருப்பார்கள். வண்டியின் பின்பக்கக் கண்ணாடி அவர்களுடைய தலைக்கு ஒரு முழ தூரத்தில் இருக்கிறது. அந்தக் கண்ணாடியைப் பற்றியே இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

திருவனந்தபுரம் மேடும் பள்ளமுமான நகரம். பெரிய சாலையிலிருந்து ஒரு கிளைத் தெருவில் இறங்கினால், மதில்களுக்குள் வீடுகளும், வீடுகளுக்கு மேலே தென்னையும் பலாவும் நிற்கும். மருத்துவமனை வாசலில் இடம் கிடைக்காத கார்கள் இப்படிப்பட்ட தெருக்களில்தான் நிழல் தேடி நிற்கின்றன. உள்ளூர்க்காரர் தென்னைமரத்தை அண்ணாந்து பார்த்த பிறகே வண்டியை நிறுத்துவார். வெளியூரார் நிழலை மட்டும் பார்ப்பார். மட்டையோடு கூடிய முற்றிய தேங்காய் ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ளதாயிருக்கலாம். 20 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், காற்றின் தடையைக் கணக்கில் கொள்ளாதபோது, அது தரையைத் தொடும் வேகம் மணிக்கு 70 கிலோமீட்டர். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஆகிய இரண்டும் பெய்கிற ஊராகையால், காற்றும் மழையும் சேர்ந்து காயை உதிர்க்கும் நாட்களும் அங்கே அதிகம்.

அப்படி ஒரு காய் விழுந்தால் என்ன சம்பவிக்கும்? முழுக் கண்ணாடியும் ஒரே நொடியில் கற்கண்டுபோல் நொறுங்கி, இருக்கையிலும் டிக்கியிலும் கொட்டிவிடும். பார்க்கிறவர் திகைப்பார். ஆனால் அது அவ்விதம் நொறுங்கும்படியாகவே செய்யப்பட்டிருக்கிறது. கண்ணாடியை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சி, உடனே குளிர்ந்த காற்றை இருபுறமும் பாய்ச்சுகிறார்கள். மேற்பரப்பு முந்தி இறுகுகிறது; உட்பகுதி பிந்திக் குளிர்ந்து சுருங்கும்போது மேற்பரப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. ஆகையால் சாதாரணக் கண்ணாடியைக் காட்டிலும் அது நான்கைந்து மடங்கு வலிமையுள்ளதாகிறது. அந்த இறுக்கம் ஓரிடத்தில் அறுபட்டால் முழுப் பலகையும் மழுங்கிய சிறு துண்டுகளாய்ச் சிதறும். பின்னால் அமர்ந்திருப்பவரின் கழுத்தைக் கத்திபோல் அறுக்கும் நீண்ட துண்டு உண்டாகக் கூடாதென்பதே இதன் நோக்கம். கடைக்காரர்கள் இதை ‘டஃபன்ட்’ கண்ணாடி என்பார்கள்.

முன்பக்கக் கண்ணாடி வேறு வகை. இரண்டு கண்ணாடிகளின் நடுவே ஒரு பிளாஸ்டிக் படலத்தை வைத்து ஒட்டியது அது. 1903-இல் பிரான்ஸ் தேசத்து எதுவார் பெனெடிக்டஸ் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் கீழே விழுந்த ஒரு குடுவை, உள்ளே படிந்திருந்த ரசாயனப் படலத்தினிமித்தம் உடைந்தும் சிதறாமல் நின்றது. 1909-இல் அவர் அதற்கு உரிமம் பெற்றார். முன்கண்ணாடியில் சிறு கல் பட்ட தழும்பைப் பசையிட்டுச் சரிசெய்ய இயலும். பின்கண்ணாடியை ஒட்டவும் இயலாது, வெட்டிப் பொருத்தவும் இயலாது. இறுக்கிய கண்ணாடியை அறுக்கத் தொடங்கினாலே நொறுங்கிப்போகும். உங்கள் காரின் மாதிரிக்கென்றே வார்க்கப்பட்ட கண்ணாடி வேண்டும்.

முதலாவது செய்யவேண்டியதைக் கவனியுங்கள். பிள்ளைகளை வண்டிக்கு அப்பால் நிறுத்துங்கள். வெறுங்கையால் துண்டுகளை அள்ளாதேயுங்கள். மழுங்கினவையானாலும் விரலையும் கண்ணையும் காயப்படுத்தும். எதையும் அகற்றுமுன் பலகோணங்களில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளிக்கு மருத்துவமனையில் நேரம் குறிக்கப்பட்டிருந்தால், அவரை ஆட்டோவில் ஏற்றி உடனே அனுப்புங்கள். கண்ணாடியை நாளைக்கும் மாற்றலாம். தவறவிட்ட பரிசோதனைக்கு மறுபடி தேதி கிடைப்பது அவ்வளவு எளிதல்ல.

அடுத்து ஒரு சோதனை வரும். “ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேருவோம், அங்கே மலிவாகப் பார்த்துக்கொள்ளலாம்” என்று யாராவது சொல்லுவார். கேட்பதற்கு ஞாயமாகவே தோன்றும். ஆனால் ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைகிறபடியால், புகைக்குழாயிலிருந்து வரும் புகை அந்தத் திறப்பின் வழியாக உள்ளே இழுக்கப்படக்கூடும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அதை முதலில் சுவாசிக்கிறவர் பின்னிருக்கையிலிருக்கும் பலவீனரே. ஒட்டிய தாள் காற்றில் கிழியும். மழை உள்ளே வரும். ஓட்டுகிறவருக்குப் பின்னால் வருவது தெரியாது. ஆகையால் அந்த நிலையில் வண்டியை அருகிலுள்ள பட்டறை வரையில் மாத்திரம், பக்கக் கண்ணாடிகளை இறக்கி, பின்னிருக்கையில் ஒருவரையும் ஏற்றாமல், மெதுவாக ஓட்டுங்கள்.

பட்டறையைத் தேடும்போது மொழியைக் குறித்துத் தயங்கவேண்டாம். திவான் ராஜா கேசவதாசன் காலத்தில் உருவான சாலைக் கடைவீதியில் தலைமுறைகளாகத் தமிழர் வாணிபம் செய்துவருகிறார்கள். அங்கே தமிழில் கேட்டால் தமிழில் வழி சொல்லுவார்கள். மற்ற இடங்களில் “பின்னிலெ சில்லு பொட்டிப்போயி” என்று சொல்லிப் பாருங்கள், உடனே விளங்கிக்கொள்வார்கள். நமக்குச் சில்லு என்பது உடைந்த துண்டு. மலையாளத்தில் முழுக் கண்ணாடிக்கே அந்தப் பெயர்.

கடைக்காரரிடம் காரின் பெயரைச் சொன்னால் போதாது. ஆர்.சி. புத்தகத்தைக் காட்டி, மாதிரி, தயாரிப்பு ஆண்டு, சேசிஸ் எண் ஆகியவற்றைக் கொடுங்கள். ஒரே காரிலும் பனியை அகற்றும் டிஃபாகர் கம்பிகள் உள்ளதும் இல்லாததும், வைப்பருக்குத் துவாரம் உள்ளதும் இல்லாததுமாகப் பலவகைக் கண்ணாடிகள் உண்டு. கம்பியில்லாத கண்ணாடி விலை குறைவென்று எடுத்துக்கொண்டால், மழைநாளில் பின்னால் வரும் லாரி தெரியாமற்போகும். கண்ணாடியின் மூலையில் தயாரிப்பாளரின் பெயரோடு ஐ.எஸ்.ஐ. முத்திரையும், ஐ.எஸ். 2553 என்ற எண்ணும் இருக்கின்றனவா என்று நீங்களே குனிந்து பாருங்கள். கையிருப்பில் இல்லையென்றால் வெளியூரிலிருந்து வரவேண்டியிருக்கும். அப்போது நோயாளியைத் தம்பானூரில் நாகர்கோவில் செல்லும் ரயிலிலோ, எதிரே நிற்கும் பேருந்திலோ துணையோடு அனுப்பிவிட்டு, ஒருவர் மட்டும் காரோடு தங்குவது நலம்.

பொருத்தும் வேலையை அருகிலிருந்து கவனியுங்கள். பழைய அம்பாசடர் போன்ற வண்டிகளில் ரப்பர் பீடிங்கில் கண்ணாடியைக் கயிறு கொண்டு இழுத்து அமர்த்துவார்கள். இன்றைய கார்கள் பலவற்றில் பாலியுரேத்தேன் பசையால் ஒட்டுகிறார்கள். பழைய பசையைச் சீராகச் சீவி, துடைத்து, பிரைமர் பூசி, புதிய பசையை இடையறாத கோடாக இட்டு, அதன்மேல் கண்ணாடியை வைக்கவேண்டும். மழைச் சாரல் படாத கூரையின்கீழ் இது நடக்கவேண்டும். ஒரு பட்டறையில் நான் கண்ட வேலைக்காரர், கண்ணாடி வைத்துமுடித்த பிறகும் அரைமணி நேரம் வாக்குவம் குழாயோடு பின்னிருக்கையிலேயே குனிந்திருந்தார். இருக்கையின் இடுக்கிலும், ஸ்டெப்னி வைக்கும் குழியிலும், சீட் பெல்ட் கொக்கி நுழையும் துளையிலுங்கூடத் துண்டுகளைத் தேடினார். “இதிலே ஒன்று கிடந்தால் பெல்ட் பூட்டாது” என்றார். அவ்வளவு கவனத்தை நீங்களும் கேட்டு வாங்குங்கள்.

பசை இறுக எவ்வளவு நேரம் வேண்டுமென்று அவரே சொல்லுவார்; அதைக் குறைக்கச் சொல்லி அவசரப்படுத்தாதேயுங்கள். காத்திருக்கும் வேளையில் பாளையம் வரை போய்வரலாம். கத்தோலிக்கப் பேராலயமும், ஜும்மா பள்ளிவாசலும், கணபதி கோவிலும் அங்கே அருகருகே நிற்கின்றன. அங்கிருந்து சற்று நடந்தால் எல்.எம்.எஸ். வளாகத்தில், திருவிதாங்கூரில் உழைத்த மிஷனெரி சாமுவேல் மட்டீரின் பெயரால் 1906-இல் எழுந்த கற்கோவில் இருக்கிறது. திரும்பி வந்தபின் கண்ணாடியின் ஓரத்தில் தண்ணீர் ஊற்றிக் கசிவு பாருங்கள். டிஃபாகரைப் போட்டுப் பாருங்கள். முதல் நாளில் ஒரு ஜன்னலைச் சற்றே திறந்துவைத்து, கதவுகளை ஓங்கிச் சாத்தாதிருங்கள். உள்ளே அடைபடும் காற்று ஈரப்பசையைத் தள்ளிவிடும்.

வெயிலுக்கு நல்லதென்று கறுப்புத் தாள் ஒட்டித் தருவதாகச் சிலர் சொல்லலாம். முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் 70 சதவீத ஒளியையும், பக்கக் கண்ணாடிகள் 50 சதவீத ஒளியையும் விடவேண்டுமென்பது மோட்டார் வாகன விதி. 2012-இல் உச்ச நீதிமன்றம் தாள் ஒட்டுவதையே தடைசெய்தது. பின்னர் விதி திருத்தப்பட்டு 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அளவுக்குட்பட்ட தரமான படலம் குற்றமாகாதென்று கேரள உயர் நீதிமன்றம் 2024-இல் தீர்ப்பளித்தது. கறுத்த தாளுக்கு இன்றைக்கும் இடமில்லை.

இனி பணம். மூன்றாம் நபர் காப்பீடு மாத்திரம் இருந்தால் கண்ணாடிக்கு ஒன்றும் கிடையாது. முழுக் காப்பீடு இருந்தால், ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் பாதித் தொகை கழிக்கப்படுவதுபோல் கண்ணாடிக்குத் தேய்மானம் கழிக்கப்படுவதில்லை. சொந்தக் கார்களில் 1500 சி.சி. வரை 1000 ரூபாயும், அதற்குமேல் 2000 ரூபாயும் நம் கையிலிருந்து கொடுக்கவேண்டும். ஆனால் இழப்பீடு கேட்டால், முதலாம் ஆண்டில் 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை உயரும் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். இரண்டையும் எழுதிக் கூட்டிப் பார்த்தபின் முடிவுசெய்யுங்கள். கேட்பதாயிருந்தால் பழுதுபார்க்குமுன்னே நிறுவனத்துக்குத் தெரிவிக்கவேண்டும்.

கடைசியாக ஒன்று. நம்மில் அநேகர் போவது வாடகைக் காரில். கண்ணாடி உடைந்தால் முதலாளி ஓட்டுநரின் சம்பளத்தில் பிடிப்பது உண்டு. அவர் மரத்தடியில் நிறுத்தியது நாம் “இங்கேயே நிறுத்து தம்பி” என்று சொன்னதினால் இருக்கலாம். சொல்லாமலே இருந்தாலும், காய் விழுந்தது அவருடைய குற்றமல்ல. முதலாளிக்கு நீங்களே தொலைபேசியில் நடந்ததைச் சொல்லுங்கள். காப்பீடு அவர் பெயரில் இருக்கிறதென்பதை நினைப்பூட்டுங்கள். காப்பீட்டில் கிடைக்காத தொகையில் உங்களால் இயன்றதை ஏற்றுக்கொண்டு, காத்திருந்த நாளுக்குரிய பேட்டாவையும் ஓட்டுநரின் கையில் கொடுங்கள். அவருடைய வீட்டிலும் மருந்துக்குக் காத்திருக்கும் ஒரு தாய் இருக்கலாம்.