லேப்பில் யார் கை படுகிறது?

பொறியியல் கல்லூரியில் இடம் வாங்கியதோடு இடஒதுக்கீட்டின் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். லேப்புக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

கல்வி உதவித்தொகை விண்ணப்ப வேலையாக சங்கரன்கோவில் சுற்றுவட்டாரப் பிள்ளைகளோடு பழகுகிறேன். விசைத்தறிக்கும் பூப்பறிக்கவும் கூலிக்குப் போகும் வீடுகளிலிருந்து இ.சி.இ. படிக்கப் போனவர்கள். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி சொன்னாள்: “நாலு பேருக்கு ஒரு போர்டுக்கா. வீட்ல இதெல்லாம் வாங்கிப் பழகுன பசங்கதான் புரோகிராம் ஏத்துவாங்க. உன் கையெழுத்து நல்லாருக்கு, நீ ரெக்கார்டு எழுதுன்னு என்கிட்ட சொல்லிருவாங்க.” நல்ல மதிப்பெண் எடுப்பவள். ஒரு எல்.இ.டி.யைக்கூடத் தன் கையால் எரியவிட்டதில்லை.

யாரும் அவளைச் சாதி சொல்லித் திட்டவில்லை. தொடாதே என்று சொல்லவுமில்லை. அவள் முறை மட்டும் வரவே இல்லை.

எம்பெடட் சிஸ்டம் கைப்பழக்கத்தில் வரும் படிப்பு. புரோகிராம் சரியாக இருக்கும், சென்சார் பேசாது. வயர் கழன்றிருக்கலாம், 3.3 வோல்ட் பின்னில் 5 வோல்ட் கொடுத்திருக்கலாம். மல்டிமீட்டர் வைத்துத் தேடித்தான் அது புரியும். வேலைக்கான நேர்காணலில் “நீ என்ன செய்தாய்?” என்றுதான் கேட்கிறார்கள். ரெக்கார்டு எழுதினேன் என்றா சொல்ல முடியும்?

சிப் வடிவமைப்பை மாணவர் கைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் லின் கான்வே. 1978இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பாடம் நடத்தி, மாணவர்கள் வரைந்த சிப்களை நிஜமாகவே தயாரிக்க வைத்து அவர்களிடமே திருப்பிக் கொடுத்தார். அவர் திருநங்கை. பாலின மாற்றத்துக்காக 1968இல் அவரை வேலையை விட்டு அனுப்பிய ஐ.பி.எம்., 2020இல்தான் மன்னிப்புக் கேட்டது. வெளியே தள்ளப்பட்ட ஒருவர்தான் இந்தக் கதவை மற்றவர்களுக்குத் திறந்துவிட்டார்.

இங்கேயும் கதவு திறக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய ‘சக்தி’ பிராசசரின் வடிவமைப்பு எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. ஒன்றிய அரசின் ‘சிப்ஸ் டு ஸ்டார்ட்அப்’ திட்டம் 85,000 பேருக்குப் பயிற்சி தருவதை இலக்காக வைத்திருக்கிறது. கல்லூரிகளுக்கு விலையுயர்ந்த வடிவமைப்பு மென்பொருள் கிடைக்கிறது, மாணவர்கள் வடிவமைத்த சிப்கள் மொகாலியில் தயாராகின்றன. அந்த 85,000 பேரில் சேரியிலிருந்து வருபவர்கள் எத்தனை பேர் என்று நாம் கேட்க வேண்டும்.

பட்டியல் சாதி மாணவர்களுக்கு அறிவியல், தொழில்நுட்பக் கல்விக்குத் தனியாக உதவித்தொகை வேண்டும் என்று அண்ணல் அம்பேத்கர் 1942லேயே மனுக் கொடுத்தார். அதன் தொடர்ச்சிதான் நம் கோரிக்கை. ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு சில நூறு ரூபாய். ஆதிதிராவிடர் துணைத்திட்ட நிதியிலிருந்து ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கிட் கொடுங்கள், விடுதிக்கு எடுத்துப்போக விடுங்கள். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் ஒரு அறையை லேப்பாக்குங்கள். கல்லூரி லேப்பில் போர்டைக் கையாளும் முறையைச் சுழற்சியில் வையுங்கள், ரெக்கார்டு எழுதும் வேலையும் சுழலட்டும்.

போர்டு எரிந்தால் எரியட்டும். இரண்டு போர்டை எரித்துப் படித்தவர்கள்தான் இன்று பெரிய கம்பெனிகளில் இருக்கிறார்கள். எரித்துப் பழகும் உரிமை நம் பிள்ளைகளுக்கும் வேண்டும்.