மயிலைப் பூங்காவும் மாலைப் பொழுதும்

மயிலாப்பூர் லஸ் சர்ச் சாலையின் வாகன இரைச்சலுக்கு நடுவே நிழல் செறிந்த பூங்கா ஒன்று உண்டு. நாகேஸ்வர ராவ் பூங்கா என்பது அதன் பெயர். 1893-ஆம் ஆண்டில் பம்பாயில் அமிர்தாஞ்சனம் தயாரிக்கத் தொடங்கி, பின்னர் சென்னைக்கு வந்து ‘ஆந்திர பத்திரிகா’ நாளேட்டை நடத்திய காசிநாதுனி நாகேஸ்வர ராவின் நினைவாக அமைந்த பெயர் அது. தலைவலிக்கு மருந்து தந்தவரின் பெயர் இவ்விடத்துக்கு வாய்த்தது பொருத்தமே என, அங்குள்ள மரத்தடியில் சற்று அமர்ந்தவர்கள் ஒப்புவர்.

வைகறையில் அங்குச் சென்று பாருங்கள். ஓய்வு பெற்ற பெரியவர்கள் கைகளை வீசி நடப்பர். இறகுப்பந்துக் களத்தில் ஆரவாரம் எழும். நடந்து முடித்தவர்கள் அரசியலையும் சர்க்கரை நோயையும் ஒருங்கே அலசுவர். மாலையானால் ஊஞ்சலுக்குக் குழந்தைகள் வரிசையில் நிற்பர். ஒலிபெருக்கியே இல்லாத இசைக் கச்சேரிகளும் இங்கு நடந்ததுண்டு. ஒரு பேட்டைக்குப் பூங்கா செய்யக்கூடிய நன்மைகளில் பெரும்பகுதியை இது செய்கிறது.

ஆயினும், அங்கே காணப்படாதோர் யாவர்? பன்னிரண்டு வயதைக் கடந்த சிறுவர்கள். ஊஞ்சலுக்கு அவர்கள் பெரியவர்கள்; நடைப்பயிற்சிக்கோ சிறியவர்கள். நம் நகரப் பூங்காக்கள் பலவற்றில் பந்து விளையாடத் தடை உண்டு. அவ்வயதுப் பெண்பிள்ளைகளைப் பற்றியோ எவரும் எண்ணுவதாகவே தெரியவில்லை. நான்கு வீடுகளில் வேலை முடித்து நண்பகலில் சற்றே அமர விரும்பும் பெண்ணுக்கும் இடமில்லை. அந்நேரத்தில் வாயிலைப் பூட்டிவைப்பது பல பூங்காக்களில் நெடுநாள் வழக்கமாயிருந்தது. பூச்செடி வாடிவிடும் என்று அஞ்சியவர்கள் மனிதர் வாடுவதைக் கருதவில்லை போலும்!

இடநெருக்கடியே காரணம் என்பர். அது ஓரளவே உண்மை. வீட்டுவசதி வாரியம் திட்டமிட்டு எழுப்பிய அண்ணா நகரில், 1968-ஆம் ஆண்டின் உலக வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டிய கோபுரத்தைச் சுற்றி விரிந்த பூங்கா அமைந்தது. திட்டமின்றி வளர்ந்த பகுதிகளுக்கு அப்பேறு கிட்டவில்லை. 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுக் கட்டட விதிகளின்படி, 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் சாலைகள் நீங்கலாகப் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். ஆனால் 10,000 சதுர மீட்டர் வரை, நிலத்துக்கு ஈடாகப் பணம் செலுத்தவும் வழியுண்டு. பணத்தின்மேல் எந்தப் பிள்ளை ஓடியாடும்?

ஒதுக்கிய நிலத்தைக் காப்பதும் எளிதன்று. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடம் தனியார் மருத்துவமனைக்கு அளிக்கப்பட்டபோது, அப்பகுதி மக்கள் வழக்காடினர். அவ்வொதுக்கீடு செல்லாது என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நோயாளிக்கு மருத்துவமனை வேண்டும், மெய்தான். நோய் வருமுன் மூச்சுவிடவும் இடம் வேண்டுமே.

மயிலையில் மாலை ஐந்து மணிக்குப் பூங்காவுக்கு அப்பாலுள்ள சந்துகளில் நடந்தால், சுவரில் கரிக்கட்டியால் மூன்று கோடுகள் வரைந்து சிறுவர்கள் பந்தாடுவதைக் காணலாம். ஆட்டோ வரும்போது ஒதுங்கி நிற்கிறார்கள். அது போனதும் மீண்டும் பந்து வீசுகிறார்கள்.