மலைச்சரிவு வழியே – 6: பட்டை உரித்தவர்கள் காக்கும் காடு

கம்பத்திலிருந்து குமுளிக்கு ஏறும் பாதையில் விடியற்காலையில் போனால் பேருந்தைவிட ஜீப்புகள்தான் அதிகம். ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து பெண்கள், மடியில் தூக்குச்சட்டி. கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பி இறங்குகிறவர்கள். திராட்சைப் பந்தலும் தென்னையும் கூடலூரோடு முடிகின்றன. லோயர் கேம்ப்பில் மலைமேலிருந்து இறங்கும் ராட்சதக் குழாய்கள் பெரியாற்றுத் தண்ணீரை மின்நிலையத்துக்குக் கொண்டுவருகின்றன. 1895-ல் கட்டி முடித்த அணையின் தண்ணீர். அதைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக்கின் படம் இல்லாத டீக்கடை இந்தப் பக்கம் அபூர்வம். அங்கிருந்து கொண்டை ஊசி வளைவுகள், குளிர், பிறகு எல்லை.

குமுளியில் பாதிக் கடை தமிழ் பேசும், மீதிக் கடையும் கேட்டால் பேசும். நான் போனது படகில் ஏறி யானை பார்க்க அல்ல. தேக்கடி ஏரியில் அது நன்றாகவே நடக்கிறது. அதற்கு என் எழுத்துத் துணை தேவையில்லை. பெரியாறு புலிகள் காப்பகத்தில் ஒருகாலத்தில் திருட்டுத்தனமாகக் காட்டுக்குள் புகுந்தவர்களே இன்று வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் இருக்கிறார்கள். அவர்களோடு நடப்பதற்காகப் போனேன்.

'டைகர் டிரெயில்' என்று அதற்குப் பெயர். 1998-ல் தொடங்கியது. காட்டுக்குள் இரவு தங்க வேண்டும். பயணிகள் நாலைந்து பேர்தான், அவர்களோடு ஐந்து வழிகாட்டிகள், துப்பாக்கியோடு ஒரு வனக் காவலர். விருந்தாளியைவிடக் காவல் அதிகமாக இருக்கிறதே என்று முதலில் தோன்றியது. போகப் போகத்தான் கணக்கு விளங்கியது. பயணிகள் கட்டும் பணத்தில் ஐந்து பேர் தினமும் காட்டுக்குள் நடக்கிறார்கள். ரோந்துதான் நடக்கிறது, நாம் அதில் கூடப் போகிறோம், அவ்வளவுதான்.

முழங்கால்வரை துணி உறையைக் கட்டிவிட்டு, அதன்மேல் பொடியைத் தூவினார் ஒரு வழிகாட்டி. அட்டைக்கு. மூங்கில் மிதவையில் ஏரியைக் கடந்தோம். அணை கட்டியபோது மூழ்கிய மரங்களின் அடிக்கட்டைகள் நூறாண்டு தாண்டியும் தண்ணீருக்குமேல் கறுப்பாக நிற்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு நீர்க்காகம். அக்கரையில் புல்வெளி. காட்டுமாடுகள் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தன.

வழிகாட்டிகளில் மூத்தவரைப் பெரியவர் என்றே இங்கே சொல்கிறேன். தேனி மாவட்டத்துத் தமிழ். சொல்லுக்குச் சொல் 'சார்'. அவர் கண் மேலே பார்க்கவில்லை. நாங்கள் மரத்தில் மலை அணிலைத் தேடிக்கொண்டிருந்தபோது அவர் முழங்கால் உயரத்துக்குக் கீழேயே பார்த்துக்கொண்டு வந்தார். கேட்டேன்.

"மேல இருக்கறத நீங்க பாருங்க சார். எனக்குக் கீழதான் சோலி."

அவர் சோலி எது என்று ஒரு ஓடைக்கரையில் காட்டினார். மிளா இறங்கித் தண்ணீர் குடிக்கும் தடம். இரண்டு பக்கமும் புதர். நடுவில் ஒரு ஆள் நுழையும் இடைவெளி. "இந்த மாதிரி எடத்துலதான் சுருக்கு வைப்பாங்க." சுருக்குக்கு வேண்டியது பைக்கின் கிளச் கம்பியோ பிரேக் கம்பியோதான். பழைய இரும்புக் கடையில் காசு கொடுக்காமல்கூடக் கிடைக்கும். துப்பாக்கி என்றால் சத்தம், மருந்து, உரிமம், ஆள் பலம். கம்பி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். மாட்டியது எது என்று மறுநாளோ மூன்றாம் நாளோ வந்து பார்த்தால் போதும். மறந்துபோனாலும் கம்பி மறப்பதில்லை. பன்றிக்கு வைத்ததில் சிறுத்தை மாட்டும். கேழையாட்டுக்கு வைத்ததில் புலிக்குட்டி காலை விடும். திமிறத் திமிற இறுகும். அறுத்துக்கொண்டு தப்பினாலும் இடுப்பிலோ கழுத்திலோ கம்பியோடு அலைந்து புண் புரையோடிச் சாகும்.

கம்பியைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது என்றார். துரு ஏறியதும் அது காட்டுக்கொடியின் நிறத்துக்கு வந்துவிடும். கண்டுபிடிப்பது மனிதனின் கைவேலையை. புதிதாக வெட்டிய குச்சியின் வெள்ளை வாய், விலங்கு விலகிப் போகாமலிருக்க ஒழுங்காகச் சாய்த்து வைத்த முள், யாரும் நடக்காத இடத்தில் மிதிபட்ட புல். "வேலியக் காட்டுல யாரு சார் கட்டுவா? இருந்தா மனுசன்தான்." இதைச் சொல்லித்தர வனத்துறைப் பயிற்சிப் பள்ளிக்குப் பாடத்திட்டம் வேண்டும், இவருக்கு வேண்டியதில்லை. இளவயதில் அவரே கட்டியவர்.

அந்தக் கதை ஒரு பட்டையில் தொடங்குகிறது. வயணை என்று இங்கே சொல்லும் காட்டு இலவங்க மரத்தின் பட்டை. எல்லையின் இருபுறத்து ஆட்களும் அரிசி, உப்பு, மிளகாயோடு காட்டுக்குள் போவார்கள், நாள்கணக்கில் தங்குவார்கள், மரத்தை உரித்து, காயவைத்து, கட்டுக்கட்டாகச் சுமந்து இரவில் இறங்குவார்கள். தங்கும் நாளெல்லாம் சோற்றுக்குக் கறி வேண்டும், அதற்குக் கண்ணி. வழி தெரிந்தவர்கள் என்பதால் சந்தனம் வெட்டுகிறவனும் தந்தம் தேடுகிறவனும் இவர்களைத்தான் கூலிக்கு அழைப்பான். பிடிபட்டால் வழக்கு, வழக்குக்கு வக்கீல், வக்கீலுக்குக் கடன், கடன் கொடுப்பவர் அதே பட்டை வியாபாரி. ஆக, ஜாமீனில் வந்தவன் மறுபடி மலை ஏறித்தான் ஆகவேண்டும்.

வேட்டைக்காரன் என்றதும் நமக்கு மீசையும் நாட்டுத் துப்பாக்கியும்தான் ஞாபகம் வரும். இங்கே எனக்குத் தெரிந்தது கடன் நோட்டு. காட்டுக்குள் ஒரு கம்பி, ஊருக்குள் ஒரு கம்பி. இரண்டாவதை அவிழ்க்காமல் முதலாவதை எத்தனை முறை பிடுங்கினாலும் அது திரும்ப முளைக்கும்.

1996-ல் உலக வங்கி உதவியோடு இந்தியாவின் ஏழு இடங்களில் சூழல் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியபோது பெரியாறும் அதில் ஒன்று. மற்ற இடங்களில் திட்டம் எப்படி நடந்ததோ, இங்கே சில வன அதிகாரிகள் துணிந்து ஒரு பேரம் பேசினார்கள். பட்டை உரித்தவர்கள் 23 பேர் தொழிலை விடவேண்டும், தெரிந்த வழிகளையும் ஆட்களையும் சொல்லவேண்டும். பதிலுக்கு அவர்கள்மேல் இருந்த வழக்குகள் கைவிடப்படும், காட்டிலேயே பிழைக்க வழி செய்யப்படும். 'முன்னாள் வயணைப் பட்டை சேகரிப்போர்' என்று பெயரே வைத்து ஒரு குழு. பெயரில் 'முன்னாள்' சேர்த்தவரை எனக்குப் பிடித்திருக்கிறது; ஒளித்து மறைக்கவில்லை பாருங்கள்.

"நம்பினீங்களா?" என்று கேட்டேன்.

"நாங்களும் நம்பல, அவுங்களும் நம்பல. மொத ரெண்டு மாசம் எங்க பின்னாடியே ஆளு வரும்." சிரித்தார். "எங்க வீட்டுப் பொம்பளைங்கதான் நம்புச்சுங்க. ராத்திரி கதவத் தட்டுனா பயமில்லாமத் தொறக்கலாம்ல."

இவர்கள் சொன்ன தகவலில் பல கடத்தல் கூட்டங்கள் பிடிபட்டன. பழைய கூட்டாளிகளைக் காட்டிக்கொடுப்பது அவ்வளவு சுலபமா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் தேநீருக்கு அடுப்பு மூட்டப் போய்விட்டார். விட்டுவிட்டேன்.

பிறகு தமிழ்நாட்டுப் பக்கத்து எல்லைக் கிராமங்களிலிருந்து இன்னொரு கூட்டமும் வந்து சேர்ந்தது. 'விடியல்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். முன்பு இந்தப் பக்கம் வேட்டைக்கு வந்தவர்கள்.

இந்தக் காடு எந்த நிலையிலிருந்து மீண்டது என்பதற்கு ஒரு கணக்கு போதும். ஆசிய யானையில் ஆணுக்கு மட்டும்தான் தந்தம் வெளியே தெரியும்படி வளரும். அதனால் தந்தத்துக்காகச் சுட்டவர்கள் ஆணை மட்டுமே சுட்டார்கள். 1970, 80-களில் அது நடந்த வேகத்தில், பெரியாற்றில் வளர்ந்த ஆண் யானை ஒன்றுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பெண் யானைகள் என்கிற அளவுக்குப் போய்விட்டது என்று 80-களின் இறுதியில் எடுத்த ஆய்வுகள் சொல்கின்றன. கூட்டம் கூட்டமாக யானை தெரியும். படகிலிருந்து பார்ப்பவர் 'அடேயப்பா, எத்தனை யானை' என்பார். கூடக் குட்டி இருக்கிறதா என்று பார்த்தவர்கள்தான் பயந்தார்கள். எண்ணிக்கையை மட்டும் வைத்துக் காடு நலமாக இருக்கிறது என்று அறிவிக்கும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை.

இரவு கூடாரத்தில் தூக்கம் பிடிக்கவில்லை. குளிர் ஒரு காரணம், தூரத்தில் மூங்கில் முறியும் சத்தம் இன்னொன்று. வழிகாட்டிகள் முறைவைத்து நெருப்பைப் பார்த்துக்கொண்டார்கள்.

குமுளிக்குத் திரும்பியபின் வசந்த சேனையைப் பார்க்கக் கேட்டிருந்தேன். 2002-ல் தொடங்கிய பெண்கள் காவல் அணி, நூறு பேருக்குப் பக்கம். ஆண்களுக்குக் குழு வழியாகக் கூலி வருகிறது. இவர்களுக்குச் சம்பளம் இல்லை. தினமும் சிறு குழுவாக முறைபோட்டு, குமுளியை ஒட்டிய காட்டில் சந்தன மரங்களைச் சுற்றி நடக்கிறார்கள். கொஞ்ச தூரம் கூட நடக்க அனுமதி கிடைத்தது. கையில் ஆளுக்கொரு கம்பு, ஒருவரிடம் நோட்டு, எல்லோரிடமும் சோற்றுப் பொட்டலம். பேச்சு பள்ளிக்கூடக் கட்டணத்தைப் பற்றியும் ஒரு மருமகளைப் பற்றியும் போய்க்கொண்டிருந்தது. ஒரு மரத்தடியில் பேச்சு நின்றது. புதிதாக யாரோ பீடி பிடித்திருக்கிறார்கள். இருவர் சுற்றிப் பார்த்தார்கள், ஒருவர் நேரத்தை எழுதினார், விட்ட இடத்திலிருந்து மருமகள் தொடர்ந்தாள்.

சம்பளமில்லாமல் ஏன் வருகிறீர்கள் என்று கேட்டதற்கு ஆளுக்கொரு பதில். வீட்டுக்காரர் ஜெயிலுக்குப் போன காலத்தைப் பார்த்தவர் ஒருவர். "காடு இருந்தாத்தான டூரிஸ்ட் வருவான், டூரிஸ்ட் வந்தாத்தான எங்க வீட்ல அடுப்பு எரியும்" என்றார் இன்னொருவர். மூன்றாமவர், "அக்காமாரோட வெளிய வந்து நாலு வார்த்தை பேசுறதுக்குத்தான்" என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். இவர்களுக்குத் தேசிய விருது தந்திருக்கிறார்கள். அமிர்தாதேவி பிஷ்னோய் பெயரிலான விருது. ரொம்பச் சந்தோஷம். ஆனாலும், ஆண் நடந்தால் கூலி, பெண் நடந்தால் தொண்டு என்கிற ஏற்பாடு எனக்கு உறுத்தியது. அவர்களிடம் சொன்னேன். ஒரு அம்மா தோளைக் குலுக்கிவிட்டு முன்னே போனார்.

ஊரின் ஓரத்தில் மன்னான் குடி, பளியக்குடி. இந்த ஏரிக்கரைக் காட்டுக்குள் வாழ்ந்து, பிறகு குமுளியின் ஓரத்துக்குக் கொண்டுவரப்பட்ட பழங்குடிகள். மன்னான் மக்களுக்கு ஏரியில் மீன்பிடிக்கும் உரிமை உண்டு. மிளகும் போடுகிறார்கள். இங்கேயும் அதே கடன் நோட்டுதான்: கொடி பூக்கும் முன்பே விளைச்சலை வியாபாரிக்கு அடகு வைத்துவிடுவார்கள், அறுப்பு முழுக்க வட்டிக்கே போகும். சூழல் மேம்பாட்டுக் குழு அந்தக் கடனை அடைத்து மிளகை மீட்டது. பிறகு குழுவே நேரடியாக விற்றது. நல்ல விலை. சுருக்கை அறுப்பதுபற்றி எழுத வந்தவனுக்கு மிளகு எதற்கு என்று கேட்காதீர்கள். அடகிலிருந்து மீண்ட கொடிக்காரனைக் கூலிக்கு மலையேற்றுவது பட்டை வியாபாரிக்குக் கொஞ்சம் கஷ்டம்.

எல்லாம் சுபம் என்று நான் எழுதப்போவதில்லை. இந்த ஏற்பாடு சுற்றுலாப் பயணியின் பர்ஸில் தொங்குகிறது. 2020-ல் கொரோனாவில் தேக்கடி மூடியபோது அது எப்படி ஆடியது என்று படகுத்துறைக் கடைக்காரர் முதல் வழிகாட்டிவரை எல்லோரும் சொன்னார்கள். வருமானம் நின்றது, ஆனால் ரோந்து நிற்கக்கூடாது. 2004-ல் பெரியாறு அறக்கட்டளை அமைத்து, நுழைவுக் கட்டணத்தோடு ஒரு கூடுதல் தொகை வாங்கிச் சேர்த்து வைத்தது இம்மாதிரி நாளுக்குக் கைகொடுக்கத்தான்.

இன்னொன்று, எல்லை. மனிதன் போட்ட எல்லைக்கு விலங்கு கட்டுப்படாது என்று 2023-ல் அரிக்கொம்பன் என்ற காட்டுயானை எல்லோருக்கும் பாடம் எடுத்துவிட்டான். சின்னக்கானலில் பிடித்து லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து விட்டார்கள். அவன் மேகமலைப் பக்கம் போய், ஒருநாள் காலை கம்பம் ஊருக்குள்ளேயே இறங்கி நின்றான். வேட்டைக்காரனுக்கும் அதே வழிகள் தெரியும். 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்ட பிறகு இரண்டு பக்கமும் ஒரே காடாகக் காவலில் வந்திருக்கிறது, காகிதத்தில். குமுளியில் நடந்த பேரம் போல ஒன்று சரிவின் கீழே நடந்ததா என்று கம்பத்துப் பக்கம் விசாரித்தேன். டீக்கடையில் ஒருவர் பதில் சொல்லாமல், காட்டுப்பன்றிக் கறி எங்கே நன்றாகக் கிடைக்கும் என்று எனக்கு விளக்கத் தொடங்கினார். குரலைத் தாழ்த்தவே இல்லை.

அடுத்த வாரம் கவி. குமுளியிலிருந்து வண்டிப்பெரியாறு, கவி வழியாகப் பத்தனம்திட்டைக்குப் போகும் கேரள அரசுப் பேருந்து காட்டுக்குள்ளேயே ஓடுகிறது. ஜன்னல் இருக்கை வேண்டுமானால் நேரத்தோடு போய் ஏறிவிட வேண்டும். 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் கவியில் ஏலத்தோட்டத்தில் வேலைக்கு வைக்கப்பட்டார்கள். அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசியதை அங்கிருந்து எழுதுகிறேன்.