பொத்தான் கிரகணம்

கோளரங்கத்தில் விரிவுரையாளராக இருந்த காலத்தில் ஒரே நாளில் நாலு கிரகணம்கூடக் காட்டியிருக்கிறேன். பொத்தானை அழுத்தினால் குவிமாடத்தில் சூரியன் கறுக்கும். பள்ளிப் பிள்ளைகள் 'ஓ'வென்று கத்துவார்கள். விளக்கு எரிந்ததும் இருக்கைக்கு அடியில் செருப்பைத் தேடுவார்கள். இத்தனை காட்டியவன் நிஜமான முழுச் சூரிய கிரகணம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

1995 அக்டோபர் 24, தீபாவளிக்கு மறுநாள். வங்காளத்தின் டயமண்ட் ஹார்பரில் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலாகச் சூரியன் முழுதாய் மறைந்தது. எனக்குச் சென்னையில் டியூட்டி. வரிசையில் நின்றவர்களுக்குக் கடித்த அப்பளம் போன்ற பகுதி கிரகணத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

2019 டிசம்பர் 26 அன்று விடுப்பு போட்டுவிட்டுத் திண்டுக்கல் போனேன். ஒன்பதரை மணி வாக்கில் வளையம். தங்கியிருந்த தெருவில் ஒரு பாட்டி, தாம்பாளத்தில் தண்ணீர் விட்டு உலக்கையை நிறுத்தியிருந்தார். "கிரகணம் விட்டா விழுந்துருமா பாட்டி?" என்றேன். "அடி சமமா இருந்தா என்னைக்கும் நிக்கும் தம்பி. இன்னைக்குத்தான் நிறுத்திப் பாக்குறோம்." என் முப்பது நிமிட உரை அதோடு முடிந்தது. பக்கத்துப் புங்கமரத்தடியைக் காட்டினேன். இலை இடுக்குகளில் ஒழுகிய வெயில் மண்ணில் வளையம் வளையமாய் விழுந்து கிடந்தது, ஒன்றன்மேல் ஒன்றாக. "வளையல் கடையாட்டம் இருக்கு" என்று குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தார்.

அழகுதான். ஆனாலும் வளையம் முழுக் கிரகணம் ஆகாது. நிலா அன்று சற்றுத் தள்ளியிருந்தது. சூரியனை மூட அதன் அகலம் போதவில்லை. விளிம்பு கொஞ்சம் மிஞ்சினாலும் வெயில் வெயில்தான். வெளிச்சம் மங்கியதே தவிர இருட்டவில்லை. சூரியனைச் சுற்றிய வெண்ணிற ஒளிமகுடமும் தெரியவில்லை. கண்ணாடியைக் கடைசிவரை கழற்றவும் முடியாது. முழுக் கிரகணத்தில் மட்டும்தான், சூரியன் அடியோடு மறைந்த அந்தச் சில நிமிடங்களுக்கு வெறுங்கண்ணால் பார்க்கலாம்.

2031 மே 21 அன்று மதுரைக்கே ஒரு வளையம் வருகிறது. பஸ் டிக்கெட்டோடு முடியும் செலவு. 2034 மார்ச் 20 அன்று கார்கில் பக்கம் முழுக் கிரகணம். அதுவரை முழங்கால் ஒத்துழைக்க வேண்டும். என் கண் 2027 ஆகஸ்ட் 2 மேல்தான். எகிப்தின் லக்ஸரில் ஆறு நிமிடத்துக்கும் மேல் இருட்டு. ஆகஸ்டில் அங்கே மேகத்துக்கு வேலையே இல்லை.

"ஆறு நிமிஷ இருட்டுக்கா அவ்வளவு தூரம்? நம்ம ஊர் கரண்ட் கட் போதாதா?" என்றாள் மனைவி. காலாவதியான பாஸ்போர்ட்டைப் பீரோவில் தேடி எடுத்துக் கொடுத்ததும் அவள்தான்.