மூன்று ரூபாயும் ஒரு பழைய தேசப்படமும்

பெண் குழந்தை ஒருத்தி முதன்முறையாகத் தனியே தூரதேசம் புறப்படுகையில் வீட்டார் அவளுக்குச் சொல்லி அனுப்பும் புத்திமதிகளை யாரேனும் சிரத்தையோடு எழுதித் தொகுப்பார்களானால், அவற்றுள் முக்காற்பங்கு ‘கூடாது’ என்றே முடிவதைக் காணலாம். என் தம்பியின் மகள் பதினேழு வயதில், சித்தூரிலிருந்து டெல்லிக்குப் படிக்கப் போகிறாள். துணைக்கு யாரும் வேண்டாம் என்பது அவளுடைய தீர்மானம். அந்தத் தீர்மானத்தை அரைமனத்தோடு ஒப்புக்கொண்ட அவளுடைய பெற்றோர், மீதி அரைமனத்தின் கவலை முழுவதையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இறக்கி வைத்து, என்னிடம் காட்டி அபிப்பிராயம் கேட்டார்கள். அந்நியர் கொடுப்பதைத் தின்னக் கூடாது, பெயரும் ஊரும் சொல்லக் கூடாது, வண்டி நிற்கும்போது இறங்கக் கூடாது, கதவருகே நிற்கக் கூடாது என்று பக்கம் பக்கமாக ஓடிய அந்தப் பட்டியலில் எதையும் தவறு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. மயக்க மருந்து கலந்த பிஸ்கோத்தைத் தின்றுவிட்டு உடைமையெல்லாம் இழந்து கண்விழித்தவர்களின் செய்தியைப் பத்திரிகைகளில் நாமெல்லோரும் படித்திருக்கிறோம் அல்லவா? ஆயினும் படித்து முடித்தபோது ஏதோ ஒன்று குறைவதாகவே பட்டது.

பட்டியலில் இடம்பெறாத, ஆனால் முதலிடம் பெற்றிருக்க வேண்டிய விஷயம் ஒன்றை உடனே சேர்த்தேன். திருவனந்தபுரத்திலிருந்து வரும் கேரளா எக்ஸ்பிரஸ் காட்பாடியைக் கடந்து சித்தூரைத் தொடுவது பின்னிரவில். நள்ளிரவு தாண்டிவிட்டால் தேதி மாறிவிடுகிறது என்னும் எளிய உண்மையை மறந்து, செவ்வாய்க்கிழமை என்று சீட்டில் கண்டதைச் செவ்வாய் இரவு என்று எடுத்துக்கொண்டு, ஒரு நாள் முழுவதும் பிந்தி, பெட்டி படுக்கைகளோடு ஸ்டேஷனுக்கு வந்து நிற்கும் குடும்பங்கள் எங்கள் ஊரில் உண்டு. செவ்வாய் என்று போட்டிருந்தால் திங்கள் இரவே சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும் என்பதை அவளைக் கொண்டே நாட்காட்டியில் வட்டமிடச் செய்தேன். மற்றபடி, இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரையில்தான் நடுப் படுக்கையை விரித்துப் போடலாம் என்பதும், கீழ்ப் படுக்கையின் அடியிலுள்ள வளையத்தில் சங்கிலி மாட்டிப் பெட்டியைப் பூட்டலாம் என்பதும், தனியே செல்லும் பெண்களை ரயில்வே பாதுகாப்புப் படையின் பெண் காவலர்கள் புறப்படும் இடத்திலேயே கண்டு பேசி, வழி நெடுகிலும் விசாரித்துக்கொள்ளும்படி 2020-இல் ‘மேரி சஹேலி’ என்றொரு ஏற்பாடு வந்திருக்கிறது என்பதும் அவளுக்கு முன்பே தெரிந்திருந்தன. ஆபத்தில் அழைக்க வேண்டிய 139 என்ற எண்ணையும் மனப்பாடமாகச் சொன்னாள்.

அந்த எண் என்னை வேறோரிடத்துக்கு இழுத்துப் போயிற்று. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்திலும் 139-ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. முறையான சீட்டு இல்லாதவரை வண்டியிலிருந்து இறக்கிவிடும் அதிகாரத்தைப் பரிசோதகருக்கு அளிக்கும் அந்தப் பிரிவு, அதே மூச்சில் ஒரு விலக்கையும் சொல்லுகிறது: ஆண் துணையின்றி வரும் பெண்ணையோ குழந்தையையோ, அவர்கள் ஏறிய ஸ்டேஷனிலோ, ஜங்ஷனிலோ, வண்டி போய்ச் சேரும் முனையத்திலோ, ஜில்லாத் தலைநகரிலோ அன்றி வேறெங்கும் இறக்கக் கூடாது, அங்கும் பகற்பொழுதில் மாத்திரமே இறக்கலாம். சட்டம் என்னும் வறண்ட நிலத்தில் இவ்வளவு ஈரமுள்ள வாக்கியம் ஒன்று முளைத்திருப்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழும். இருட்டில், பெயர் தெரியாத ஓர் ஊரின் நடைமேடையில், தனியே நிற்கும் ஒரு பிள்ளையை மனக்கண்ணால் கண்டவர் யாரோ அந்த வாசகத்தை எழுதியிருக்க வேண்டும்.

தனியே நிற்கும் பிள்ளை என்றதும், எங்கள் ஊர் வழியாகச் செல்லும் இருப்புப்பாதையின் தென்கோடியில், நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் அப்படி நின்ற ஒரு சிறுவனை நினையாமல் இருக்க என்னால் முடிவதில்லை. விழுப்புரத்தில் பிரிந்து திருவண்ணாமலை, வேலூர், காட்பாடி, சித்தூர், பாகாலா என்று வடக்கே ஏறி அப்பால் தர்மவரம் வரையில் போன தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர்கேஜ் பாதை 1890-களின் தொடக்கத்தில் போடப்பட்டது. 1896-இல் மதுரையில், அமெரிக்கன் மிஷன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த வேங்கடராமன் என்ற பதினாறு வயதுச் சிறுவன் பிரித்துப் பார்த்த தேசப்படம் அதற்கும் பழையது. ஆகையால் அந்தப் பாதை அதில் இல்லை. திருவண்ணாமலைக்கு அருகிலுள்ள ஸ்டேஷன் திண்டிவனந்தான் என்று அந்தப் படத்தைக் கொண்டு கணக்கிட்ட அச்சிறுவனே பிற்காலத்தில் பகவான் ரமண மகரிஷி என்று உலகம் வணங்க நின்றவர்.

ஆகஸ்டு 29-ஆந் தேதி, இலக்கணப் பாடத்தை மூன்று முறை எழுதும் தண்டனையைப் பாதியில் மூடி வைத்துவிட்டு, பள்ளியில் விசேஷ வகுப்பு என்று சொல்லி எழுந்தார். அப்படியானால் பெட்டியிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துப் போய்த் தன் கல்லூரிச் சம்பளத்தையும் கட்டிவிடும்படி அண்ணன் சொன்னார். சிற்றன்னை சோறு போட்டு ஐந்து ரூபாயைக் கையில் கொடுத்தார். சிறுவன் மூன்றை மாத்திரம் எடுத்துக்கொண்டு இரண்டை ஒரு கடிதத்தோடு வைத்துவிட்டார். தன்னைத் தேடப் பணம் செலவழிக்க வேண்டாம் என்று தெரிவித்த அந்தக் கடிதத்தில், அண்ணனுடைய சம்பளம் இன்னும் கட்டப்படவில்லை என்பதையும் மறவாமல் குறித்திருந்தார். உலகத்தைத் துறந்து செல்கிற நேரத்திலும் பிறருடைய இரண்டு ரூபாய்க்குக் கணக்கு ஒப்புவித்துச் சென்ற அந்த நேர்மை, அவருடைய உபதேசங்கள் பலவற்றைக் காட்டிலும் என்னை ஆட்கொண்டது.

திண்டிவனத்துக்குச் சீட்டு இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா. நேரங்கழித்துப் புறப்பட்டும், வண்டியும் பிந்தி வந்ததால் ஏறிக்கொள்ள முடிந்தது. பெட்டியில் இருந்த ஒரு மௌல்வி, யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருந்த பையனை எங்கே போகிறாய் என்று விசாரித்து, திருவண்ணாமலைக்குத் திண்டிவனம் வரையில் போக வேண்டியதில்லை, விழுப்புரத்திலேயே வண்டி மாறலாம் என்று சொன்னார். தேசப்படம் அறியாததை அந்தப் பெரியவர் அறிந்திருந்தார். திருச்சிராப்பள்ளியில் அரையணாவுக்கு இரண்டு பேரிக்காய் வாங்கியதுதான் வழியிற் செய்த செலவு. பொழுது விடியுமுன் விழுப்புரத்தில் இறங்கினார். அன்று சாப்பாட்டுக்கடையில் இரண்டணாவை நீட்ட, உன்னிடம் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்று கடைக்காரர் கேட்டார். இரண்டரையணாதான் என்று தெரிந்ததும், நீயே வைத்துக்கொள் என்று வாங்க மறுத்துவிட்டார். அந்தக் காசு மாம்பழப்பட்டு வரையில்தான் செல்லும். அதற்கப்பால் பத்து மைல் நடை. அறையணிநல்லூர்க் கோயில், பிறகு கீழூர்க் கோயில். அங்கே தம் பங்குச் சோற்றைப் பையனுக்குக் கொடுக்கச் சொன்னவர் கோயில் மேளக்காரர். மறுநாள் கோகுலாஷ்டமி. முத்துகிருஷ்ண பாகவதர் என்பவரின் வீட்டு வாசலில் போய்ச் சோறு கேட்டு உண்டு, காதிலிருந்த சிவப்புக் கடுக்கனைக் கழற்றி அடகாக வைத்து நாலு ரூபாய் பெற்றார். அவ்வீட்டு அம்மையார், கண்ணனுக்கு இன்னும் நிவேதனம் ஆகாத பட்சணத்தையே பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார். செப்டம்பர் முதல் தேதி காலையில் திருவண்ணாமலையில் இறங்கினார்.

ஞானத்தின் மகிமையைச் சொல்ல இந்த வரலாற்றைப் பலரும் எடுத்துரைப்பார்கள். அதற்கு நான் தகுதியுடையவன் அல்லன். நான் இங்கே ரயில் பிரயாணத்தை மாத்திரம் பார்க்கிறேன். மௌல்வி, சாப்பாட்டுக்கடைக்காரர், மேளக்காரர், பாகவதர், அந்த அம்மையார் என்று அவ்வழியில் எதிர்ப்பட்டவர் அத்தனை பேரும் அந்நியர்கள். அவர்களில் ஒருவர் கைவிட்டிருந்தாலும் பிரயாணம் நடுவழியில் நின்றிருக்கும். அந்தச் சிறுவனும் எங்கே போகிறேன் என்று சொல்லத் தயங்கவில்லை. கையில் உள்ளது எவ்வளவு என்று மறைக்கவில்லை. பசி வந்தபோது கேட்க வெட்கப்படவில்லை. எங்கள் வீட்டு நோட்டுப் புத்தகத்தின்படி பார்த்தால் செய்யக் கூடாதவை அனைத்தையும் அவர் செய்திருக்கிறார். இதைக் கொண்டு, நம் பிள்ளைகளையும் மூன்று ரூபாயோடு அனுப்பிவிடலாம் என்று வாதிப்பவன் அல்லன் நான். பதினாறு வயதில் மரண பயத்தைக் கடந்து நின்றவருக்குப் பொருந்துவது பிறருக்குப் பொருந்தாது. பெண்ணாய்ப் பிறந்தவளின் வழியோ இன்னும் கரடுமுரடானது. ஆனாலும் மறுக்கக் கற்றுக்கொடுப்பதில் இவ்வளவு பிரயாசை எடுத்துக்கொள்ளும் நாம், கேட்கக் கற்றுக்கொடுப்பதில்லை. யாரைக் கேட்பது, எந்த நேரத்தில் கேட்பது, கேட்டதற்கு வந்த விடையை எப்படி எடை போடுவது என்பதும் ஒரு வித்தையே. கைப்பேசி வந்த பிறகு அந்த வித்தை நம் பிள்ளைகளிடமிருந்து வெகு வேகமாக நழுவிக்கொண்டிருக்கிறது. அந்தக் கருவியும் ஒரு நாள் பழைய தேசப்படமாகக் கூடும்.

இவ்விஷயத்தில் எங்கள் ஜில்லாப் பிள்ளைகளுக்கு ஓர் அனுகூலம் உண்டு. வீட்டில் தமிழும் வீதியில் தெலுங்குமாக வளர்கிறவர்கள். விஜயவாடா, வாரங்கல் கடந்து பல்லார்ஷா வரும் வரையில் தம் வாய்மொழியாலேயே எதையும் விசாரித்துக்கொள்ளலாம். நாகபுரிக்கு மேல் இந்தி. அங்கே திக்கித் திணறினாலும், கேட்டுப் பழகிய நாவுக்குப் பாஷை இரண்டாம் பட்சந்தான். ஆகவே அந்த நெடும்பயணத்துக்கு முன்னதாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பதி வரையில் பாசஞ்சர் வண்டியில் தனியே போய்வரும்படி அவளிடம் சொன்னேன். கைப்பேசி பையிலேயே இருக்க வேண்டும். வண்டி எந்த நடைமேடைக்கு வரும், பாகாலாவில் எவ்வளவு நேரம் நிற்கும், திரும்பி வர மாலையில் என்ன வண்டி என்பன போன்ற எல்லாவற்றையும் மனிதர்களிடமே கேட்டறிய வேண்டும் என்பது நிபந்தனை. தம்பிக்கு இது பிடிக்கவில்லை. எழுபது கிலோமீட்டருக்கு இத்தனை ஏற்பாடா என்று கேட்ட அவனுக்கு, 1896-ஆம் ஆண்டிலேயே திருத்தணியிலிருந்து எட்டு வயதுப் பிள்ளை ஒன்று திருப்பதி லூதரன் மிஷன் பள்ளிக்குப் படிக்க வந்ததையும், அந்தப் பிள்ளை பின்னாளில் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் ஆனதையும் சொன்னேன். அது வாதத்துக்குச் சரியான விடை அன்று. என்றாலும் தம்பி இணங்கிவிட்டான்.

பொழுது சாய்ந்து வீடு திரும்பியவள், கேட்ட கேள்விகளையும் கிடைத்த விடைகளையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். நடைமேடை எண்ணை இருவர் இருவிதமாகச் சொன்னதால் மூன்றாமவராக ஒரு போர்ட்டரைக் கேட்டிருக்கிறாள். நான் விரும்பிய பாடம் அதுவே. பிறகு குரலைச் சற்றே தாழ்த்தி, சந்திரகிரியில் ஏறிய ஒரு பாட்டியம்மாள் மடியிலிருந்து சீத்தாப்பழம் ஒன்றை எடுத்துப் பிட்டுப் பாதியைத் தின்று, மறுபாதியைத் தனக்குக் கொடுத்ததாகவும், அதைத் தின்றுவிட்டதாகவும் சொன்னாள். அவள் அம்மா திடுக்கிட்டாள். கண்ணெதிரில் பிட்டு, கொடுப்பவரும் உண்ணும் பழம் வேறு. உறை பிரித்து நீட்டப்படும் பிஸ்கோத்து வேறு. இந்த வித்தியாசத்தைக் காணும் விவேகம் வந்துவிட்டால் நோட்டுப் புத்தகத்தில் நாலு பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்பது என் அபிப்பிராயம் என்றேன். அப்படியே ஒப்புக்கொள்ள அவள் அம்மா இன்றுவரை சித்தமாயில்லை. ஒரு தாயின் பயத்தைத் தர்க்கத்தால் வெல்ல முயல்வது முறையும் அன்று.

பெண்ணுக்கோ கவலை வேறு. அந்தப் பாட்டிக்குத் திருப்பிக் கொடுக்கத் தன் கையில் ஒன்றும் இல்லாமற் போயிற்றாம். டெல்லி வண்டியில் இரண்டு பகல் பொழுது எதிரே உட்கார்ந்து வருகிறவர்களுக்கும் சேர்த்து முறுக்கும் புளியோதரையும் கட்டித் தரும்படி அம்மாவிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, ஏதோ நினைத்துக்கொண்டவளாய் என் பக்கம் திரும்பி, “ஆனா பெரியப்பா, நான் கொடுத்தா அவங்க வாங்குவாங்களா? அவங்க வீட்டிலயும் இப்படித்தானே சொல்லி அனுப்பியிருப்பாங்க?” என்று கேட்டாள்.

“முதலில் நீ எடுத்துத் தின்னு, பிறகு கேட்டுப் பார்” என்றேன்.