தொடர்பு உளதோ, இலதோ?

புளூடூத் என்றவுடன் பட்டணத்து மாணவர் காதிற் செருகும் ஒலிக்கருவியையே நினைப்பர். அத்தொடர்பு அற்றால் பாட்டு நிற்கும், அவ்வளவே. கடலை நம்பி வாழ்வார்க்கு அதன் விலை வேறு என்பதைச் சென்ற விடுமுறையில் பழவேற்காட்டுக் குப்பங்களிற் கண்டோம்.

கரையை விட்டு 10 அல்லது 12 கிலோமீட்டர் சென்றால் கைப்பேசி ஊமையாகிவிடும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக்கடலில் எழுந்தபோது, முன்னரே ஆழ்கடல் சென்றிருந்த மீனவர்க்கு எச்சரிக்கையை எட்டுவிக்க வழியில்லாது போயிற்று. பின்னர் 2019 அக்டோபரில், ஐதராபாத்திலுள்ள பெருங்கடல் தகவல் சேவை மையமும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து ஆக்கிய ‘ஜெமினி’ என்னும் சிறு பெட்டி வெளியிடப்பெற்றது. ககன் செயற்கைக்கோள்கள் வாயிலாக வரும் புயல், பேரலை எச்சரிக்கைகளை அது பெற்றுப் புளூடூத் வழியே கைப்பேசிச் செயலிக்குக் கொடுக்கும். அக்கோள்களாகிய ஜி-சாட் 8, 10, 15 மூன்றும் ஏரியை அடுத்த ஸ்ரீஹரிக்கோட்டையிலிருந்து ஏவப்பட்டனவல்ல; பிரெஞ்சு கயானாவிலுள்ள கூருவிலிருந்து சென்றவை. ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகலாகாதென்று கரையில் நிறுத்தப்படும் குப்பத்தார் இதனைக் கேட்டு நகைத்தனர்.

எம்மிடம் ஜெமினி இல்லை. ஆகவே ஒரு சிறு புளூடூத் ஒலிபெருக்கியைக் கைப்பேசியுடன் இணைத்துக் காட்டிப் பின் அதனை அணைத்துவிட்டோம். திரையை உற்று நோக்கிய முதியவர் ஒருவர், “பெயர் இன்னும் இருக்கிறதே, தம்பி! பெட்டி உயிரோடுதான் இருக்கிறதா?” என்றார். “இல்லை ஐயா, அது பழைய அறிமுகம் மட்டுமே” என்றோம். சற்றுச் சிந்தித்து, “அப்படியானால், பெட்டி செத்துக் கிடக்கும் நாளில் புயற்சேதி இல்லை, கடல் நன்றாயிருக்கிறது என்று நினைத்துப் போய்விடுவோமே!” என்றார்.

எம் வகுப்பில் ஒருவரும் இக்கேள்வியைக் கேட்டதில்லை. இரு கருவிகள் ஒருமுறை அறிமுகமானால், அவை அந்நட்பின் சாவியை நினைவில் வைத்துக்கொள்ளும். இப்பொழுது பேசிக்கொண்டிருக்கின்றனவா என்பது வேறு செய்தி. இரண்டையும் ஒன்றாகக் கொள்ளும் செயலி பொய் சொல்லும். அன்றியும், செயலியைத் திறக்குமுன்னரே இணைப்பு நேர்ந்திருப்பின், ‘இணைந்தது’ என்னும் அறிவிப்பு அதன் செவிக்கு எட்டியிராது. ஆதலால் திறந்தவுடன் அது தானே வினவியறிதல் வேண்டும். பின்னர் நேரும் இணைவு பிரிவு இரண்டையும் செவிமடுத்தல் வேண்டும். 2021-இல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல், இவ்வாறு வினவுதற்கும் உடையவரின் இசைவு வேண்டும். அவசரத்தில் ‘வேண்டாம்’ என்பதை ஈரவிரல் தொட்டுவிட்டால் செயலி குருடாய்விடும்.

முறையாக அணைக்கப்பட்ட பெட்டி விடைபெற்றுச் செல்லும். மின்கலம் திடீரென ஓய்ந்த பெட்டியோ சொல்லாமலே மறையும். அப்போது கைப்பேசி சிறிது காத்திருந்தே தொடர்பு அற்றதென முடிவு செய்யும். பழைய முறைப் புளூடூத்தில் வழக்கமான காத்திருப்பு 20 நொடி. இது பொறுக்கத்தக்கதே. பொறுக்கலாகாதது மற்றொன்று: கைப்பேசிக்கும் பெட்டிக்கும் உள்ள தொடர்பு செவ்வனே இருக்க, பெட்டிக்கும் வானத்துக்கும் உள்ள தொடர்பு அற்றிருத்தல். இதற்குக் கடைசிச் செய்தி வந்த நேரத்தைத் திரையிற் காட்டுவதே தக்கதென்பது எம் கருத்து. ஜெமினியோ ஒருவழிப் பெட்டி, “கேட்கிறதா?” என்று படகிலிருந்து திருப்பிக் கேட்க இயலாது. 2024 ஜனவரியில் இஸ்ரோ அறிவித்த இரண்டாந் தலைமுறை அபாய அறிவிப்புக் கருவி, அனுப்பிய அபாயக்குறி கிட்டியது என மறுமொழியும் தருகின்றது. அதுவும் புளூடூத் வழியே கைப்பேசியோடு இணைவதாதலின், முதியவரின் கேள்வி அதற்கும் பொருந்தும்.

திரையில் எந்நிறத்தில், எத்துணைப் பெரிய எழுத்தில் இதனைக் காட்டலாம் என்று யாம் தம்முள் வாதிட்டுக் கொண்டிருந்தோம். அவர் இடைமறித்து, “வெயிலில் திரையை யார் பார்ப்பது, தம்பி? அறுந்தால் சத்தம் போடட்டும், எஞ்சின் சத்தத்துக்கு மேலே போடட்டும்” என்று கூறி வலையைப் பிரிக்கத் தொடங்கினார்.