இழுக்காத கம்பி

கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு முகப்பில் அமர்ந்து, என் தமக்கையின் மணத்திற்காகப் பொற்கொல்லர் ஒருவர் கம்பி இழுத்துக்கொண்டிருந்தார். கம்பியச்சின் துளைகள் சிறுக்கச் சிறுக்கக் கம்பியும் மெலிந்துவந்தது. "இன்னும் மெல்லியதாக இழுங்கள், பத்தரே" என்று வற்புறுத்தினேன். இழுத்தார், அறுந்தது. "இழுத்தால் இவ்வளவுதான், தம்பி" என்றார். அவர் கடியவில்லை, என் தாயார்தாம் கடிந்தார்.

அழகப்பச் செட்டியாரின் கொடையால் எழுந்து, 1953-இல் திறக்கப்பெற்றது காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். அத்துறையில் வல்ல நண்பர் ஒருவர் பின்னாளில் எனக்கொரு புதுமையை விளக்கினார். அலுமினியத் தகட்டை அமிலக் கரைசலில் இட்டு மின்சாரம் செலுத்தினால், அதன்மேல் தேனடை போன்ற நுண்துளைப் படலம் தோன்றும். அத்துளைகளுக்குள் நிக்கலை மின்சாரத்தால் படியவிட்டால், உலோகம் அடியிலிருந்து மேல்நோக்கி வளரும். பின்பு எரிசோடாக் கரைசலில் படலத்தைக் கரைத்துவிட்டால் எஞ்சுவன கம்பிகளே. ஒவ்வொன்றின் பருமனும் தலைமயிரின் பருமனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு!

ஆயினும் அச்சு கரைந்ததும் வரிசை குலைந்து, அவை வைக்கோற்போர் போலச் சிக்குண்டு கிடக்கும். எந்த இடுக்கியால் எடுத்து அடுக்குவது? நீர்மத்தில் அவற்றை மிதக்கவிட்டுக் காந்தத்தை அருகே கொணர்ந்தால், யாவும் ஒரே திசையில் திரும்பி நிற்குமாம். வெள்ளிக் கம்பிக்கு இவ்வுபாயம் பலிக்காது.

அன்று அறுந்த துண்டு இன்றும் என்னிடம் உள்ளது. பத்தர் இருந்திருந்தால் ஓடிச்சென்று சொல்லியிருப்பேன். "இழுக்காமலா?" என்றே அவர் முதலிற் கேட்டிருப்பார்.